மந்திரி கேட்ட கேள்வி

அங்காரா நாடாளுமன்றத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பருப்பு சூப் நன்றாக இருக்கும் என்று தாஷ்லிதெரே கிராமத்தில் ஒரு பேச்சு உண்டு. தொகுதியிலிருந்து யார் போனாலும் அவர்களை எம்.பி. கூட்டிக்கொண்டுபோய் வயிறாரச் சாப்பிடவைத்து அனுப்புவது பழைய வழக்கம். போன காரியம் நடந்ததோ இல்லையோ, திரும்பி வந்தவர்கள் சூப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். இப்போது அந்த சூப் ஸெலிஹாவின் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. மேலே மிதந்த வெண்ணெய் மஞ்சள் ஏடாகப் படிந்துவிட்டது. அவள் கரண்டியைத் தொடவே இல்லை. பக்கத்தில் அவளுடைய அண்ணன் பெகிர் தன் கிண்ணத்தை ரொட்டியால் துடைத்து முடித்திருந்தார். பெகிர்தான் ஊர்த் தலைவர். எதிரே உட்கார்ந்திருந்த எம்.பி. லெவென்ட் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விருந்தாளி சாப்பிடாமல் தான் எப்படிச் சாப்பிடுவது என்ற சங்கடத்தில் கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"சாப்பிடுங்கக்கா. ராத்திரியெல்லாம் பஸ்ல வந்திருக்கீங்க. முதல்ல சாப்பாடு, அப்புறம் பேச்சு."

"நான் சாப்பிட வரலை தம்பி. மந்திரி என்னைக்கு எந்திரிச்சு நிப்பாருன்னு கேட்டுட்டுப் போக வந்தேன். செவ்வாய்க்கிழமைதானே?"

லெவென்ட் பெகிரைப் பார்த்தான். பெகிர் ரொட்டிக் கூடையைப் பார்த்தார்.

அவள் கேட்க நினைத்தது ஒரே ஒரு கேள்வி. பனி உருகி ஆறு புரண்டு வந்த மார்ச் மாதத்தில் ஊர்ப் பாலம் இடிந்து விழுந்தது. அதன்மேல் போன மினிபஸ்ஸும் கூடவே விழுந்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருத்தி ஸெலிஹாவின் ஒரே மகள் நெஸ்ரின். டவுனில் நர்ஸ் படிப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தவள், அன்றைக்குத் தேர்வு என்று தலையைக்கூடச் சரியாகப் பின்னாமல் ஓடினாள். கணவன் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்த பிறகு ஸெலிஹாவுக்கு மிச்சமிருந்தது அந்தப் பெண் மட்டும்தான். பாலத்தின் நடுத்தூணில் விரிசல் விட்டிருந்தது ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். இலையுதிர் காலத்திலேயே அதற்குள் உள்ளங்கை போகும். ஆனால் வழக்கு என்று ஒன்று நடந்தபோது, மினிபஸ்ஸை வேகமாக ஓட்டியதாக டிரைவர்மேல் பழியைப் போட்டார்கள். அவனும் அதே ஆற்றில் செத்தவன்தான். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லையே. விரிசல் தெரிந்தும் பாலத்தை ஏன் மூடவில்லை? அதை உயிரோடு இருக்கும் ஒருவரிடம் கேட்க வேண்டும் என்றுதான் ஸெலிஹா வந்திருந்தாள்.

எங்கே கேட்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள். நெஸ்ரின் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் ஊர்ச் சுகாதார நிலையத்தில் டாக்டரே இல்லை. அப்போது எம்.பி.யாக இருந்தவர் வேறு கட்சிக்காரர், வழுக்கைத் தலை, பழைய வாத்தியார். அவர் நாடாளுமன்றத்தில் எழுந்து, "தாஷ்லிதெரேக்கு டாக்டர் எப்போது வருவார்?" என்று கேட்டதை டீக்கடைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. பெண்கள் கடைக்குள் போகும் வழக்கம் இல்லாததால் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். மந்திரி எழுந்து நின்றார். தாளைப் புரட்டினார். தண்ணீர் குடித்தார். இன்னொரு தரம் தண்ணீர் குடித்தார். "மந்திரிக்கு வேர்க்குது பாருங்கடி!" என்று யாரோ கத்த, பெண்கள் எல்லாம் சிரித்துத் தீர்த்தார்கள். வால்நட் உதிர்க்கும் பருவத்துக்கு முன்னால் டாக்டர் வந்து சேர்ந்தார். அந்த மந்திரி நல்லவரா கெட்டவரா என்று யாருக்கும் தெரியாது. எழுந்து நின்றார், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

"அக்கா, அதை எடுத்துட்டாங்க" என்றான் லெவென்ட்.

"எதை?"

"வாயால கேக்கற கேள்விய. மந்திரிங்க இப்ப இந்தச் சபையிலயே கிடையாது. பிரதமரும் கிடையாது. ஜனாதிபதியே மந்திரிகளை வெச்சுக்குவாரு, அவங்க அவருக்குத்தான் பதில் சொல்லணும். எங்களால எழுதிக் கேக்க முடியும். பதில் வந்தா வரும். வந்தாலும் 'உரிய ஆய்வு நடைபெற்று வருகிறது'ன்னு வரும்."

"யாரு எடுத்தா?"

லெவென்ட் கெட்டவனில்லை. பொய் சொல்லியிருந்தால் அப்போதே தப்பித்திருப்பான். "நீங்கதான்க்கா. அரசியல் சட்டத்தை மாத்த 'ஆம்'னு ஓட்டுப் போட்டு" என்றான்.

ஸெலிஹாவுக்கு ஓட்டுப் போட்டது நினைவிருந்தது, போடாமல் என்ன. சதுக்கத்தில் 'ஆம்' என்று எழுதிய பந்தல் போட்டார்கள். கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்த கோஸ்லெமே ரொட்டியை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவள்தான் சுட்டுப் போட்டாள். பெகிர் வீடு வீடாக ஏறி இறங்கினார். "சேவல் அதிகமான ஊர்ல பொழுது லேட்டாத்தான் விடியும். ஒரு சேவல் போதும்" என்பதுதான் எல்லா வீட்டிலும் அவருடைய பேச்சு. அந்தப் பழமொழி தெரியாத ஆள் அந்தப் பக்கத்தில் கிடையாது. எல்லோரும் தலையாட்டினார்கள். இதே லெவென்ட் பந்தலில் நின்று, "இனிமே உங்களை வாசலுக்கு வாசல் அலைய விடமாட்டோம். ஒரே வாசல்! காரியம் வேகமா முடியும்!" என்று சொல்லி, சூடு தாங்காமல் கோஸ்லெமேயை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே தின்றான். பள்ளிக்கூடத்தில் கையில் கொடுத்த ஓட்டுச் சீட்டில் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் பழுப்பு. வெள்ளையில் 'ஆம்'. பழுப்பில் 'இல்லை'. எதற்கு ஆம், எதற்கு இல்லை என்று அந்தச் சீட்டில் ஒரு வரிகூட இல்லை. பதில் மட்டும் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள், கேள்வியைக் காணோம். ஊர் தானாக ஒரு கேள்வியை வைத்துக்கொண்டது: ஜனாதிபதியைப் பிடிக்குமா, பிடிக்காதா? பிடிக்கும் என்று வெள்ளையில் குத்திவிட்டு வந்தார்கள். ஒரு மனிதரைப் பிடிக்கும் என்று சொன்னதற்கு, மந்திரி எழுந்து நிற்கும் இடத்தையே பெயர்த்து எடுத்துவிடுவார்கள் என்று யார் கண்டது?

"என்னைக் கேக்காம எங்கிட்டயிருந்து எடுத்திருக்கீங்க" என்றாள்.

"அக்கா, நான் சும்மா இருந்தேன்னு நினைச்சுக்காதீங்க." லெவென்ட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்க பாலம் விரிசல் விட்டிருக்குன்னு பெகிர் அண்ணன் முன்னாடியே போன் பண்ணாரு. அன்னைக்கே நான் மந்திரி ஆபீசுக்குப் போனேன். ஆலோசகரைப் பாருன்னாங்க. அந்த ஆலோசகருக்கு ஒரு உதவியாளர். அவரு வாசல்ல, ஓட்டு வாங்கி ஜெயிச்ச நான், டீ கொண்டுபோற பையனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்னேன். முன்னாடி மந்திரின்னா எனக்கு ரெண்டு இருக்கை தள்ளி உக்காந்திருப்பாரு. கூடத்துல சட்டையப் புடிச்சு இழுத்து, 'அண்ணே, என் ஊர்ல பாலம் ஒண்ணு'ன்னு சொல்லிரலாம். இப்ப யாரு சட்டையப் புடிக்கிறது? ஃபைல் மேலே போயிருக்குன்னாங்க. மேலேன்னா எங்கேன்னு எனக்கே தெரியலக்கா."

ஸெலிஹா அண்ணன் பக்கம் திரும்பினாள். பெகிர் போன் பண்ணியதை அவளிடம் சொன்னதே இல்லை.

"அண்ணே, ஒனக்குத் தெரியும்."

"தெரியும். அதான் சொன்னேனே, இவங்ககிட்ட."

"ரெண்டு பீப்பாயை உருட்டிவெச்சு நடுவுல ஒரு கயித்தைக் கட்டியிருந்தா போதுமே. எம்புள்ள இறங்கி நடந்து போயிருக்கும்."

"அது அரசாங்கப் பாலம் ஸெலிஹா. அதை அடைக்க எனக்கு என்ன அதிகாரம்? கட்டியிருந்தா என்னைத்தான் உள்ள தூக்கிப் போட்டிருப்பாங்க. மேலேயிருந்து சொல்லட்டும்னு..."

"ஒத்தைச் சேவல் தூங்கிப்போச்சுன்னா ஊருக்கு விடியவே விடியாதா? அதையும் சேத்துச் சொல்லியிருக்கணும்ல, வீடு வீடா போனப்ப!"

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. அங்கேயும் ஏதோ ஒரு மாவட்டத்து ஆட்கள், மடியில் பையை வைத்துக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு எம்.பி., அவருக்கும் ஒரு கவிழ்த்து வைத்த கைபேசி. ஸெலிஹாவுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. ஆலோசகருக்கு அதிகாரம் இல்லை, எம்.பி.க்கு அதிகாரம் இல்லை, அண்ணனுக்கு அதிகாரம் இல்லை. இத்தனை பேரும் கையைக் கட்டி நின்றுகொண்டு, அதிகாரத்தையெல்லாம் ஒருவரிடம் மூட்டைகட்டிக் கொடுத்துவிட்டு, அதற்கு வேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

லெவென்ட் அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். "ஒண்ணு பண்றேன்க்கா. புதுப் பாலத்துக்கு உத்தரவு ஆயிருச்சு. சீக்கிரமே முடிஞ்சிரும். திறக்கறதுக்கு மந்திரியையே உங்க ஊருக்குக் கூட்டிட்டு வரேன். உங்களை முன்வரிசையில உக்கார வெக்கறேன். நேர்லயே கேளுங்க."

"வாக்கா?"

"வாக்கு."

வெளியே வரும் வழியில் விருந்தாளிகளைச் சபையின் மாடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுவதும் வழக்கத்தில் சேர்த்திதான். கீழே யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருந்தார், நாலைந்து பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவலாளி வழக்கம்போல ஒப்பித்தான்: இது சபாநாயகர் இருக்கை, இது எதிர்க்கட்சி, அதோ அந்த இடத்தில்தான் முன்பு மந்திரிகள் உட்கார்வார்கள். "இப்ப?" என்று கேட்டாள் ஸெலிஹா. அவன் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்பதுபோலப் பார்த்துவிட்டு, சத்தம் போடக் கூடாது என்று விரலைக் காட்டினான். பேருந்தில் பெகிர், "ஒரு வாயாவது சாப்பிட்டிருக்கலாம் நீ. அவன் மனசு சங்கடப்பட்டுருச்சு" என்றார். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பாலம் வேகமாகத்தான் வந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. கோடையில் இயந்திரங்கள் வந்தன, குளிருக்கு முன் தூண்கள் எழுந்தன, அடுத்த வசந்தத்தில் தார் போட்டுக் கம்பிக்கு வெள்ளையும் அடித்துவிட்டார்கள். பெகிருக்குத் தொலைந்துபோன குரல் திரும்பி வந்தது. டீக்கடையில், "பழைய காலமா இருந்தா இதுக்கு எட்டு வருஷம் ஆயிருக்கும்!" என்று சொல்லத் தொடங்கினார். ஊரும் ஆமோதித்தது. பால்காரி ஒருத்தி ஸெலிஹாவிடமே வந்து, "அந்தப் புள்ளைங்க உசுரைக் குடுத்துதான் இந்தப் பாலம் வந்துச்சு, அல்லா ஏத்துக்கட்டும்" என்றாள். ஸெலிஹா பால் வாளியை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். உயிரைக் கொடுத்து வாங்க அது என்ன சந்தைச் சரக்கா? என் பிள்ளை எதையும் கொடுக்கவில்லை, அவளிடமிருந்து பிடுங்கினார்கள் என்று அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. மந்திரிக்கு என்று வைத்திருந்த குரலைப் பால்காரியிடம் செலவழிக்க மனமில்லை.

திறப்பு நாளில் கொடிகள், நாற்காலிகள், ஆற்றுக்கு அக்கரையும் இக்கரையும் கேட்கும்படி ஒலிபெருக்கிகள். பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் சிவப்புக் கயிறு. லெவென்ட் வாக்குத் தவறவில்லை. முன்வரிசையில் மேடைக்கு நேர் கீழே ஸெலிஹாவுக்கு நாற்காலி போட்டிருந்தான். அவள் உட்கார்ந்ததும் மந்திரியின் ஆட்களில் ஒருத்தி, நல்ல கோட்டு போட்ட இளம்பெண், வந்து குனிந்து அவள் தோளைத் தொட்டாள்.

"மந்திரி இறங்கிவந்து உங்க கையைப் புடிச்சு ஆறுதல் சொல்லுவாரும்மா. கேமரா இருக்கும். நீங்க நன்றின்னு மட்டும் சொன்னா போதும்."

"நான் ஒண்ணு கேக்கணும்."

"கேள்வியெல்லாம் வேண்டாம்மா. நேரம் இல்லை. அடுத்த ஊர்ல இன்னும் ரெண்டு திறப்பு இருக்கு."

ஸெலிஹா லெவென்ட்டைத் தேடினாள். அவன் மேடைப் படியோரம் நின்று தன் ஷூவில் ஒட்டிய சேற்றை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

மந்திரி பேசினார். எத்தனை பாலம், எத்தனை சாலை, முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது. பழைய ஆட்சி முறையில் கையெழுத்துக்குக் கையெழுத்து காத்திருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள் என்றார். கைதட்டினார்கள். வேர்க்கவில்லை அவருக்கு. தண்ணீரும் குடிக்கவில்லை. யாரும் ஒன்றும் கேட்காதபோது தொண்டை எதற்கு வறளும்? பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் ஒரு பெரிய துக்கம் நடந்துபோச்சு. விதியை யார் மாத்த முடியும்? நாங்களும் மனுஷங்கதான். குறை இருந்திருக்கலாம், தாமதம் இருந்திருக்கலாம். இன்னைக்கு உங்க முன்னாடி நின்னு கேக்கறேன்" என்று கையை நெஞ்சில் வைத்தார்.

அவர் என்ன கேட்கப்போகிறார் என்று கூட்டத்துக்கு உடனே புரிந்துவிட்டது. பள்ளிவாசல் முற்றத்தில் சவப்பெட்டியை வைத்துக்கொண்டு இமாம் கேட்பதுதான் அது. செத்தவர்மேல் உங்களுக்கு உள்ள பாத்தியதையை ஹலால் ஆக்கிவிட்டீர்களா, அதாவது மன்னித்து விட்டுக்கொடுத்துவிட்டீர்களா என்று மூன்று தரம் கேட்பார். ஹலால் என்று மூன்று தரம் சொல்வார்கள். பயணம் போகிறவரும் கேட்பார், படுக்கையில் கிடப்பவரும் கேட்பார். மனுஷனுக்கு மனுஷன் பட்ட பாக்கியை அந்த மனுஷன் விட்டுக்கொடுத்தால்தான் உண்டு, அல்லாவே அதில் தலையிட மாட்டான் என்பது அந்த ஊரின் நம்பிக்கை. அதனாலேயே கேட்டவுடன் கொடுத்துவிடுவார்கள். கேட்டு ஒருவர் இல்லை என்று சொன்னதை அங்கே யாரும் கண்டதில்லை. நெஸ்ரினுக்கும் கேட்டார்கள். பதினேழு வயதுப் பெண்மேல் யாருக்கு என்ன பாத்தியதை இருந்திருக்கும்? ஆனாலும் கேட்டார்கள், அந்தச் சின்னப் பெட்டிக்காக ஊர் மூன்று தரம் ஹலால் சொல்லித்தான் மண்ணுக்கு அனுப்பியது.

"என்மேல உங்களுக்குள்ள பாக்கியை ஹலால் ஆக்கிட்டீங்களா?" என்று மந்திரி கேட்டார்.

"ஹலால்!" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து இடிபோலக் கிளம்பியது. பழகிய வாய், தானாக வந்துவிட்டது. எல்லாக் குரலுக்கும் மேலே பெகிரின் குரல் கேட்டது.

ஸெலிஹா நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள். எங்கே போய்க் கேட்பது என்று ஒரு வருஷமாக அலைந்தாளே, அந்த மனிதர் எதிரில் வந்து நின்றுகொண்டு அவளைக் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியவர் கேள்வியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, பதிலை அவர்கள் வாயில் திணிக்கிறார். இந்தத் தடவையும் வெள்ளைப் பக்கம் மட்டும்தான் தெரியும்படி நீட்டுகிறார்கள்.

"ஹலால் ஆக்கிட்டீங்களா?"

"ஹலால்!"

பெண்கள் பக்கத்திலும் சிலர் முணுமுணுத்தார்கள். மந்திரியின் முகத்தில் இப்போதே ஒரு நிம்மதி வந்துவிட்டது. கத்தரிக்கோல் வைத்திருந்தவன் நாடா பக்கமாக நகர்ந்தான். மூன்றாம் தரம் கேட்டார். கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. அந்த ஒரு மூச்சு இடைவெளியில் ஸெலிஹா எழுந்து நின்றாள்.

"நான் ஆக்கலை."

ஒலிபெருக்கி அவளுக்குத் தேவைப்படவில்லை.

"நான் நெஸ்ரினோட அம்மா. ஹலால் ஆக்கலை. விரிசல் தெரிஞ்சும் பாலத்தை ஏன் மூடலை? அதுக்குப் பதில் சொல்லிட்டுக் கேளுங்க."

கோட்டுப் பெண் இரண்டடி ஓடிவந்து, எல்லாக் கேமராவும் அந்தப் பக்கம் திரும்பியதைப் பார்த்து நின்றுவிட்டாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெகிரின் வாய் மூன்றாவது ஹலாலுக்காகத் திறந்தபடியே இருந்தது. தங்கையைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராக மூடிக்கொண்டார்கள். மேடையில் மந்திரி நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். உதடு ஒலிவாங்கியோடு ஒட்டியிருந்தது. அவருடைய மூச்சு மட்டும் ஒலிபெருக்கிகள் வழியாக, பெருகி ஓடும் ஆற்றின் இரண்டு கரைகளிலும் கேட்டுக்கொண்டிருந்தது.